மேட்டில் மூச்சு வாங்கும் பேட்டரி சைக்கிள்: எந்தக் கோளாறுக்கு எங்கே கை வைப்பது

கடையிலிருந்து வீடு வரை பட்டுப்போல வந்த சைக்கிள், வாங்கிய அன்று சாயங்காலமே பெங்களூர் அனுமந்தநகர் மவுண்ட் ஜாய் மேட்டில் பாதி ஏறியதும் சோர்ந்துவிட்டது. திரையில் ஐந்து கோடு இருந்த பேட்டரி இரண்டுக்கு இறங்கியது. கடைசி ஐம்பது அடி தள்ளிக்கொண்டுதான் போனேன். மேலே நின்று தண்ணீர் குடித்துவிட்டுப் பார்த்தால் மறுபடி நாலு கோடு. ஏமாந்துவிட்டோமோ என்று அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை.

இங்கே கன்னடத்தில் குன்றைக் 'குட்டா' என்பார்கள். பெங்களூர் வந்த புதிதில் நான் அதைக் குட்டை என்று காதில் வாங்கி, குளம் எங்கே என்று தேடியவன். இப்போது அந்தக் குட்டாதான் என் சோதனைச்சாலை. ஒன்றரை மாதமாகத் தினமும் அதில் ஏறி இறங்கினேன், நந்தி மலைக்கும் இரண்டு தடவை போய் வந்தேன். அதில் தெரிந்துகொண்டதைக் கோளாறு கோளாறாக எழுதுகிறேன். என்னுடையது பின்சக்கரத்தின் நடுவில் 250 வாட் ஹப் மோட்டார், 36 வோல்ட் 10 ஆம்பியர்-அவர் பேட்டரி, ஏழு கியர், கேபிள் இழுக்கும் டிஸ்க் பிரேக் கொண்ட சாதாரண வண்டி. எடை 24 கிலோ. உங்களுடையதும் இந்த வகை என்றால் கீழே உள்ளது அப்படியே பொருந்தும். மோட்டார் பெடலுக்கு நடுவில் இருக்கும் விலை கூடிய வண்டி என்றால் சூடு பற்றியும் அச்சு பற்றியும் சொல்வதை விட்டுவிடுங்கள்.

நடு மேட்டில் மோட்டார் செத்துவிட்டது

இறங்கி ஓரமாக நின்றதும் முதலில் பார்க்க வேண்டியது மோட்டாரை அல்ல, திரையை. திரையும் சேர்ந்து அணைந்துவிட்டதா, இல்லை திரை எரிந்துகொண்டே இருக்க மோட்டார் மட்டும் நின்றதா? இந்த ஒரு கேள்வியில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

திரையும் அணைந்திருந்தால் மின்சாரமே வரவில்லை என்று அர்த்தம். காரணம் இரண்டில் ஒன்று. பேட்டரிக்குள் ஒரு காவல் பலகை இருக்கிறது. அளவுக்கு மீறிக் கரண்டு இழுத்தால் அது மொத்தத்தையும் துண்டித்துவிடும். மிக்சிக்கு அடியில் சிவப்புப் பொத்தான் இருக்குமே, பருப்பு கெட்டியாகிச் சிக்கினால் படக்கென்று விழுமே, கிட்டத்தட்ட அதே வேலை. பேட்டரிச் சாவியை அணைத்து ஒரு நிமிஷம் விட்டுப் போட்டால் பெரும்பாலும் உயிர் வரும். சில பேட்டரிகள் சார்ஜரைக் காட்டினால்தான் எழுந்திருக்கும், அதனால் வீடு வரை மிதிக்கத் தயாராக இருங்கள்.

இன்னொரு காரணம், பேட்டரி அதன் தொட்டிலில் சரியாக உட்காராமல் இருப்பது. குழியில் குதித்த அடுத்த நொடி அணைந்தது என்றால் சந்தேகமே வேண்டாம், இதுதான். பேட்டரியைக் கழற்றி அடியில் இருக்கும் பித்தளைத் தகடுகளைப் பாருங்கள். கருத்திருந்தாலோ, ஒன்று மட்டும் வளைந்திருந்தாலோ அங்கேதான் நோய். மேட்டில் மட்டும் ஏன் வருகிறது என்றால், சமதரையில் 4, 5 ஆம்பியர் ஓடும் இடத்தில் மேட்டில் 14, 15 ஓடுகிறது. லூசான தகடு சின்னக் கரண்டைக் கடத்திவிடும், பெரிய கரண்டில் பொறி விடும்.

திரை எரிகிறது, மோட்டார் மட்டும் இல்லை என்றால் பிரேக் பிடியைப் பாருங்கள். இந்த வண்டிகளில் பிரேக்கைத் தொட்டால் மோட்டார் நிற்கும்படி பிடிக்குள் ஒரு சுவிட்ச் உண்டு. புது வண்டியில் பிடி முழுசாகத் திரும்பாமல் ஒரு நூல் அளவு உள்ளேயே நின்றுவிடும். பிரேக் பிடிப்பது போலவே தெரியாது, ஆனால் மோட்டார் நாம் பிரேக் பிடித்திருப்பதாக நினைத்துச் சும்மா இருக்கும். இரண்டு பிடியையும் விரலால் வெளியே தள்ளிப் பாருங்கள். உயிர் வந்தால் கேபிள் திருகை அரைச் சுற்றுத் தளர்த்தினால் போதும். நான் இதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும், மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடும் கன்ட்ரோலர் பெட்டியைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிடியிலும் குறை இல்லை என்றால் அடுத்த பகுதி.

கோடு விழுகிறது, மேலே போனதும் திரும்புகிறது

இது கோளாறே இல்லை. முதல் நாள் எனக்குத் தூக்கம் போனதும் இதனால்தான்.

திரையில் தெரியும் கோடு பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று அளந்து சொல்வதில்லை. அந்த நொடியில் எத்தனை வோல்ட் என்பதைத்தான் சொல்கிறது. 36 வோல்ட் பேட்டரி முழுசாக ஏறியிருக்கும்போது 42 வோல்ட் காட்டும், 30, 31 பக்கம் வந்தால் கன்ட்ரோலர் போதும் என்று நிறுத்திவிடும். மேட்டில் கரண்டு அதிகம் இழுக்கும்போது வோல்ட் தற்காலிகமாக 2, 3 இறங்கும், இழுப்பு நின்றதும் ஏறிவிடும். சாயங்காலம் தெருவே மோட்டார் போட்டால் குழாயில் தண்ணீர் குறைவது போல. தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

ஆனால் இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. முழு சார்ஜில் 3 வோல்ட் இறங்கினால் ஒன்றும் ஆகாது. ஊரெல்லாம் சுற்றிவிட்டு 34 வோல்ட்டோடு வந்து கடைசியில் மேடு ஏறினால் அதே 3 வோல்ட் உங்களை 31-க்குக் கொண்டுபோய் நிறுத்திவிடும். கொஞ்சம் சார்ஜ் உள்ளே மிச்சம் இருக்கும்போதே மோட்டார் கையை விரிக்கும். சமதரைக்கு வந்ததும் ஒன்றுமே நடக்காதது போல ஓடும். வீடு மேட்டில் இருப்பவர்கள் எல்லோருக்கும் இந்த அனுபவம் ஒரு தடவையாவது வரும். அப்படி வந்தால், மோட்டார் எவ்வளவு உதவ வேண்டும் என்று திரையில் வைக்கும் உதவி அளவை ஒன்றுக்குக் குறையுங்கள். கரண்டு குறைந்தால் இறக்கமும் குறையும், வண்டி மெதுவாக, ஆனால் நிற்காமல் ஏறிவிடும்.

திரையில் வோல்ட் எண்ணைக் காட்டும் வசதி இருந்தால் கோட்டை மறந்துவிட்டு எண்ணைப் பாருங்கள். சமதரையில் நிற்கும்போது ஒரு எண், அதே மேட்டில் அதே இடத்தில் ஒரு எண், இரண்டையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை போதும். வித்தியாசம் 2, 3 என்றால் சரி. புதுப் பேட்டரியில் 5-க்கு மேல் போனால் ஏதோ ஒரு செல் வரிசை பலவீனம், அல்லது முன்னே சொன்ன தகடு சரியாகத் தொடவில்லை. கடையில் சண்டை போட அந்தத் தாள் உதவும்.

ஏறுகிறது, ஆனால் போகப்போக வலு குறைகிறது, கருகல் வாசனை

இங்கே கொஞ்சம் நிதானமாக உட்கார வேண்டும். வண்டிக்கு உண்மையிலேயே ஆபத்து வரக்கூடிய இடம் இதுதான்.

நந்தி மலைக்கு முதல் தடவை போனபோது சைக்கிளை நண்பரின் காருக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போனோம். நகரத்திலிருந்து சுமார் 60 கி.மீ. அங்கிருந்தே மிதித்துப் போய்ச் சேர்ந்தால் பேட்டரி அடிவாரத்திலேயே படுத்துவிடும். அடிவாரத்திலிருந்து சாலை ஏறத்தாழ 8 கி.மீ., கொண்டை ஊசி வளைவுகளாக ஏறுகிறது. உச்சி 1,478 மீட்டர். பெங்களூரே ஏறத்தாழ 920 மீட்டரில் இருப்பதால் அது ஊட்டி மாதிரி பயமுறுத்தும் மலை இல்லை. ஆனாலும் சைக்கிள்காரனுக்கு 400 மீட்டருக்கு மேல் ஏற்றம் என்பது சாதாரணம் அல்ல. திருவண்ணாமலை, கடலூர்ப் பக்கம் ஓடும் தென்பெண்ணை இந்த மலைப் பக்கம்தான் பிறக்கிறது. தண்ணீர் கீழே வரும் வழியில் நாம் மேலே போகிறோம்.

அன்றைக்கு நான் செய்த தப்பு, சும்மா உட்கார்ந்து ஆக்சிலேட்டரைத் திருகிக்கொண்டே ஏறியது. காசு கொடுத்து மோட்டார் வாங்கியிருக்கிறோம், அது இழுக்கட்டுமே என்ற நினைப்பு. முதல் இரண்டு கி.மீ. நன்றாக இருந்தது. அப்புறம் வேகம் 14, 11, 8 என்று இறங்கியது. கடைசி வளைவுகளுக்கு முன்னால், மிக்சியில் தேங்காயைத் தண்ணீர் விடாமல் அரைத்தால் வருமே, அந்த வாசனை.

ஏன் என்று கணக்குப் பார்த்தால் விளங்கிவிடும். ஆளும் வண்டியும் பையும் சேர்ந்து 100 கிலோ. 10 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சாலையில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போகச் சக்கரத்துக்கு 450 வாட்டுக்குக் குறையாமல் வேண்டும். மோட்டார் நிலையாகத் தரக்கூடியது 250. கொஞ்ச நேரத்துக்குக் கூடத் தரும், ஆனால் கொஞ்ச நேரத்துக்குத்தான். மிச்சம் காலிலிருந்து வர வேண்டும். சாதாரண ஆளின் கால் 100, 150 வாட்டைத் தொடர்ந்து தரும். காலும் தராவிட்டால் வேகம் விழும்.

விழட்டுமே, மெதுவாகப் போனால் மோட்டாருக்குச் சுலபம்தானே என்று தோன்றும். நேர்மாறு. ஸ்கூட்டர் ஓட்டிப் பழகியவர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது. ஹப் மோட்டாருக்குக் கியர் மாற்ற வழி இல்லை, சக்கரம் எந்த வேகத்தில் சுற்றுகிறதோ அதற்கு ஒட்டித்தான் அதுவும் சுற்ற வேண்டும். 25 கி.மீ. வேகத்துக்கு என்று சுற்றப்பட்ட சுருள், 18, 20-இல் சுகமாக ஓடும். வேகம் குறையக் குறையச் சுருளில் ஓடும் கரண்டு கூடுகிறது, சக்கரத்துக்குப் போய்ச் சேரும் வேலை குறைகிறது. நடுவில் காணாமல் போவதெல்லாம் சூடு. 8 கி.மீ. வேகத்தில் முழுக்கத் திருகி வைத்திருக்கும்போது நீங்கள் ஓட்டுவது பாதி சைக்கிள், பாதி அடுப்பு.

தொட்டுப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கலாம். நானும் தொட்டேன், வெளி ஓடு வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. உள்ளே பல்சக்கரம் வைத்த சின்ன ஹப் மோட்டார்களில் சுருளுக்கும் வெளி ஓட்டுக்கும் நடுவில் காற்று இடைவெளி இருக்கிறது. உள்ளே கொதிக்கும்போது வெளியே இளஞ்சூடுதான் வரும். வெளியே நன்றாகச் சுடுகிறது என்றால் ஏற்கெனவே நேரம் கடந்துவிட்டது.

கருகல் வாசனை வந்தால் உடனே நிறுத்துங்கள். அடுத்த வளைவு வரை போய்விடலாம் என்ற பேச்சே கூடாது. நிழலில் இருபது நிமிஷம், நிஜமாகவே இருபது நிமிஷம் விடுங்கள். தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஆறிய பின் சமதரையில் ஓட்டிப் பார்த்து, வலு பழையபடி வந்துவிட்டால் தப்பித்தீர்கள். வலு வரவில்லை, அல்லது வெட்டி வெட்டி இழுக்கிறது என்றால் சுருளோ, மோட்டார் எந்த நிலையில் சுற்றுகிறது என்று உள்ளே இருந்து பார்க்கும் ஹால் சென்சாரோ போயிருக்கலாம். திரையில் ஒரு பிழை எண்ணும் வரும். அந்த எண் ஒவ்வொரு திரைக்கும் ஒவ்வொரு மாதிரி என்பதால் உங்கள் வண்டியோடு வந்த கையேட்டில்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது தடவை நந்தி ஏறும்போது ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வேகம் 12-க்குக் கீழே போகக் கூடாது. போனால் கியரைக் குறைத்து இன்னும் வேகமாக மிதி. அப்படியும் போனால் நின்றுவிடு. பாதி வழியில் இரண்டு தடவை நின்றேன். ஒன்று எனக்காக, ஒன்று மோட்டாருக்காக. வாசனை வரவே இல்லை. முதல் தடவையைவிடப் பேட்டரியும் மிச்சம்.

மேட்டில் நின்று கிளம்பும்போது உதவி வருவதில்லை

சிக்னல் மேட்டில் இருந்தால் இது மரண தண்டனை. பின்னால் பஸ் ஹாரன் அடிக்கிறது, நீங்கள் ஒரு காலைத் தரையில் ஊன்றிக்கொண்டு 24 கிலோவைத் தள்ளுகிறீர்கள், மோட்டார் சிந்தித்துக்கொண்டிருக்கிறது.

விலை குறைந்த வண்டிகளில் பெடல் சென்சார் என்பது காந்தங்கள் பதித்த ஒரு வட்டும் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு கண்ணும்தான். எவ்வளவு அழுத்துகிறீர்கள் என்று அதற்குத் தெரியாது, சுற்றுகிறதா இல்லையா என்றுதான் தெரியும். கால்சுற்றோ அரைச்சுற்றோ மிதித்த பிறகே நம்பி மோட்டாரை விடும். மேட்டில் அந்த அரைச்சுற்றுதான் மிதிக்க முடியாத அரைச்சுற்று.

இதற்குப் பழக்கம்தான் மருந்து. நிற்பதற்கு முன்னாலேயே சின்னக் கியருக்கு வந்துவிடுங்கள், நின்ற பின் கியர் மாறாது. ஒரு பெடலைக் கடிகாரத்தில் இரண்டு மணி நிலைக்குக் கொண்டுவந்து, பின் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். கிளம்பும்போது பிரேக்கை முழுசாக விட்டால்தான் மோட்டார் வரும் என்பதை மறக்க வேண்டாம். கை ஆக்சிலேட்டர் இருந்தால் ஒரு நொடி, இரண்டு நொடி அதைத் தொட்டுக் கிளம்பிவிட்டு விட்டுவிடுங்கள். அதற்குத்தான் அது இருக்கிறது, மலை முழுக்கத் திருகுவதற்கு அல்ல.

இரண்டு முழுச் சுற்று மிதித்தும் மோட்டார் வரவில்லை என்றால் பெடல் அச்சுப் பக்கம் குனிந்து பாருங்கள். அந்த வட்டுக்கும் கண்ணுக்கும் நடுவில் இரண்டு மூன்று மி.மீ. இடைவெளிதான் இருக்க வேண்டும். கல் பட்டோ, தூக்கி வைக்கும்போது இடித்தோ வளைந்திருக்கும். விரலால் அழுத்தினால் சரியாகிவிடும்.

விட்டு விட்டு இழுக்கிறது

பெரிய கியரில் மேடு ஏறினால் கால் ரொம்ப மெதுவாகச் சுற்றும். நீங்கள் மிதிப்பதை நிறுத்திவிட்டதாக நினைத்துச் சென்சார் மோட்டாரை நிறுத்தும், அடுத்த காந்தம் தாண்டியதும் மறுபடி விடும். கியரைக் குறைத்தால் உடனே நின்றுவிடும் கோளாறு இது. குறைத்தும் நிற்கவில்லை என்றால் மேலே சொன்ன இடைவெளியைப் பாருங்கள். மழைக்குப் பிறகு மட்டும் வருகிறது என்றால் வயர் இணைப்புகளில் ஈரம். கழற்றித் துடைத்து, காயவைத்து, அம்புக்குறி ஒன்றோடொன்று சேரும்படி நேராகக் குத்துங்கள். கோணலாகக் குத்தினால் உள்ளே ஊசி வளைந்துவிடும். சர்வீஸ் கடைகளில் அழுத்தமாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதை எந்தக் காரணத்துக்கும் அனுமதிக்காதீர்கள்.

பின்சக்கரத்தில் சத்தம்

எங்கள் தெரு முனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் சேலத்துக்காரர் வண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, மோட்டார்னு ஒண்ணை உள்ள வச்சுட்டாங்களே தவிர, மிச்சமெல்லாம் நம்ம சைக்கிள்தான். சைக்கிளுக்குப் பாக்குறதை இதுக்கும் பாக்கணும்." நான் வாங்கிய அறிவுரைகளில் காசு கேட்காமல் வந்த நல்ல அறிவுரை இது ஒன்றுதான்.

மோட்டார் இழுக்கத் தொடங்கும் நொடியில் மட்டும் 'டக்' என்று ஒரு சத்தம் வந்தால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. பின் அச்சு நட்டு தளர்ந்திருக்கிறது. மோட்டார் சக்கரத்தை முன்னே தள்ளும்போது அச்சைப் பின்பக்கமாகத் திருக்கப் பார்க்கும், அதைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டு நட்டும் பல்லு வாஷரும்தான். அச்சு ஒரு தடவை சுழன்றுவிட்டால் அதற்குள்ளிருந்து வரும் வயரை முறுக்கி அறுத்துவிடும். ஆயிரம் ரூபாய் வேலை ஐந்தாயிரம் ஆகும். 18 அல்லது 19 நம்பர் ஸ்பேனர் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, முதல் 100 கி.மீ. ஓடியதும் ஒரு தடவை இறுக்குங்கள். அதற்கப்புறம் மாதம் ஒரு தடவை.

'டிங் டிங்' என்றால் போக்ஸ் கம்பி. ஹப் மோட்டார் பெரியது என்பதால் கம்பிகள் குட்டையானவை, புதுசில் கொஞ்சம் தளரும். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிவிட்டு ரிம் ஆடுகிறதா பாருங்கள். ஆடினால் கடையில் கோட்டம் எடுக்கச் சொல்லுங்கள், உங்களால் முடியாது. என்னாலும் முடியவில்லை. 'கிர்ர்' என்று மேட்டில் மட்டும் ஒரே சீராக வரும் சத்தம் உள்ளே இருக்கும் பல்சக்கரத்தினுடையது, அது இயல்பு. அரைப்பது போல, உடைந்த பல் மோதுவது போல வந்தால் இயல்பல்ல.

சொன்ன தூரத்தில் பாதிகூட வரவில்லை

விற்பவர் 45 கி.மீ. என்றார். எனக்கு மேடும் பள்ளமுமாக 24, 25 வந்தது. இரண்டுமே பொய்யில்லை. 36-ஐ 10-ஆல் பெருக்கினால் 360 வாட்-அவர், அதுதான் உங்கள் மொத்தப் பணப்பை. சமதரையில் மிதித்துக்கொண்டே போனால் கி.மீ.க்கு 8, 10 வாட்-அவர் செலவு. 100 கிலோவை 400 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு மட்டுமே 110 வேண்டும். மோட்டார் வீணாக்குவதும் டயர் உராய்வும் சேர்ந்து, நீங்கள் மிதிக்கவே இல்லை என்றால் நந்தி மலையின் 8 கி.மீ.யில் பாதிப் பேட்டரி தீர்ந்துவிடும். அதனால் மேட்டு வழியில் தூரத்தைக் கணக்குப் போடாமல் உயரத்தைக் கணக்குப் போடுங்கள். ஏற்ற இறக்கம் காட்டும் வரைபடம் கைபேசியில் இருந்தால் கிளம்பும் முன் அதைப் பாருங்கள்.

டயர் காற்றையும் பாருங்கள். டயரின் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் அளவில் மேல் எல்லைக்குக் கொஞ்சம் கீழே வைத்தால் போதும். எனக்குக் கடையில் கொடுத்தபோதே காற்று பாதிதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் சூடான பேட்டரியை அப்படியே சார்ஜில் போடாதீர்கள். அரை மணி ஆறட்டும். 2 ஆம்பியர் சார்ஜர் என்றால் காலியிலிருந்து நிறைய ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

இறக்கத்தில் பிரேக் கத்துகிறது, பிடி உள்ளே போகிறது

ஏறியதெல்லாம் இறங்க வேண்டுமே. மேலே தூக்கிய அந்த 110 வாட்-அவரில் பெரும்பகுதி இறக்கத்தில் இரண்டு சின்ன டிஸ்க் தகடுகளில் சூடாகத்தான் முடியும். சாதாரணச் சைக்கிளைவிட இது கூடுதல் எடை என்பதும் நினைவிருக்கட்டும்.

புது பிரேக் பேடுகள் முதல் நாளிலேயே பிடிக்காது. காலியான தெருவில் 20 கி.மீ. வேகத்திலிருந்து இருபது தடவை நிதானமாக, கிட்டத்தட்ட நிற்கும் வரை பிடித்துப் பிடித்து விடுங்கள். அதைச் செய்யாமல் மலைக்குப் போனால் பேட் வழவழப்பாகிக் கத்த ஆரம்பிக்கும். செயினுக்கு எண்ணெய் போடும்போது டிஸ்கில் ஒரு துளி பட்டாலும் அதே கதை. பட்ட பேடைச் சுத்தம் செய்து பயனில்லை, மாற்றுங்கள்.

பிடி ஹேண்டில்பார் வரை வந்துவிட்டால் கேபிள் புதுசில் நீண்டிருக்கிறது, பேடும் தேய்ந்திருக்கிறது. பிடி ஓரத்தில் இருக்கும் திருகையும், டிஸ்க் பக்கம் இருக்கும் திருகையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றிச் சரிசெய்யலாம். இது இறங்குவதற்கு முன் மேலேயே செய்ய வேண்டிய வேலை, பாதி வழியில் அல்ல. இறங்கும்போது பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வருவதுதான் மிக மோசமான பழக்கம், டிஸ்க் ஆறவே ஆறாது. வளைவுக்கு முன்னால் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிட்டு வளையுங்கள். நந்தியில் காலைப் பனியில் சாலை ஈரமாக இருக்கும், குரங்குகள் நடுவில் உட்கார்ந்திருக்கும். அவற்றுக்கு உங்கள் அவசரம் தெரியாது.

இறக்கத்தில் பேட்டரி ஏறவில்லையே என்று ஒரு நண்பர் கேட்டார். பல்சக்கரம் வைத்த ஹப் மோட்டாருக்குள் ஃப்ரீவீல் உண்டு. இறக்கத்தில் சக்கரம் மட்டும் சுற்றும், மோட்டார் சுற்றாது, மின்சாரம் திரும்ப வராது. 25 கி.மீ. வேகத்துக்கு மேல் மோட்டார் இழுக்காததும் கோளாறல்ல, சட்டம். 250 வாட்டுக்கும் 25 கி.மீ.க்கும் உள்ளே இருப்பதால்தான் பதிவு எண் இல்லாமல் ஓட்டுகிறோம். அந்த வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் மோட்டார் சூட்டையும் போலீசையும் ஒருசேர நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் பார்த்தாயிற்று, இன்னும் மேட்டில் அணைகிறது

நாலாவது வாரம் எனக்கு இப்படித்தான் ஆனது. திரையோடு சேர்ந்து அணையும். கடைக்குக் கொண்டுபோனால், அங்கே இருந்த பையன் வாசலில் ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு, "சார், சூப்பரா ஓடுது" என்று திருப்பிக் கொடுத்தான். மூன்று தடவை. கடை வாசல் கேரம் போர்டு மாதிரி சமதரை. அங்கே ஓடாமல் என்ன செய்யும்?

நாலாவது தடவை திரையை வீடியோ எடுத்துக் காட்டினேன். அப்படியும் நம்பாததால், "தம்பி, பத்து நிமிஷம் என் கூட வா, ஒரே ஒரு மேடு" என்று குட்டாவுக்குக் கூட்டிப்போனேன். அவனே ஓட்டினான். நான் நடந்து போனேன். சரியாகப் பாதியில், அந்தப் பெரிய வேகத்தடையைத் தாண்டியதும், அணைந்தது. சாவியைப் போட்டுப் பார்த்தான், பிரேக்கைத் தள்ளிப் பார்த்தான், பெடலைப் பின்னால் சுற்றினான். அப்புறம் இறங்கி மிச்ச மேட்டைத் தள்ளிக்கொண்டு ஏறினான். மேலே போய் மூச்சு வாங்கியபடி பேட்டரியைக் கழற்றித் திருப்பினான். இடது பக்கத் தகடு ஒன்று ஓரமாகக் கருத்து, ஒரு நெல் அளவு வளைந்திருந்தது. "இது மாத்தணும் சார்" என்றான். மாற்றிக் கொடுத்தார்கள், காசு வாங்கவில்லை.